கைப்பின்னல் பரிசும் வீட்டுக் கணக்கும்

(பத்தாம் வகுப்பு மாணவி, ஜீயபுரம்)

முன்னுரை

"ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு" என்பது நம் முன்னோர் வாக்கு. ஆற்றில் எறிந்துவிடப் போகும் பொருளையே எண்ணிப் பார்த்து எறிய வேண்டும் என்றால், பெற்றோர் வியர்வை சிந்திச் சேர்த்த பணத்தை எவ்வளவு எண்ணிச் செலவிட வேண்டும்! அன்புத் தோழியரே, சிக்கனத்தைப் பற்றி நாம் பலமுறை கட்டுரை எழுதியிருக்கிறோம். ஆனால் நம் வீட்டின் வரவு செலவு நோட்டைத் திறந்து பார்த்து எழுதியவர் நம்மில் மிகச் சிலரே. நான் அதைத் திறந்து பார்த்தேன். அதில் 'பரிசு' என்னும் ஒரே ஒரு பகுதியை மட்டும் எடுத்துக்கொண்டு, கையால் பின்னிய பரிசுகள் குடும்பச் செலவை உண்மையிலேயே குறைக்குமா, குறைத்தால் எவ்வளவு குறைக்கும், அதற்கு நாம் கொடுக்கும் விலை என்ன என்பதை இக்கட்டுரையில் ஆராய விரும்புகிறேன்.

முக்கொம்பு கற்பிக்கும் பாடம்

எங்கள் ஊருக்கு மேற்கே சிறிது தொலைவில் முக்கொம்பு இருக்கிறது. அங்கே காவிரி இரண்டாகப் பிரிகிறது. ஒரு கிளை காவிரி என்ற பெயரிலேயே தொடர்கிறது, மற்றது கொள்ளிடம். கொள்ளிடத்தின் படுகை தாழ்வானது. ஆதலால் ஒரு காலத்தில் நீரெல்லாம் அந்தப் பக்கமே ஓட, காவிரியில் மணல் மேடிட்டுப் பாசனம் குன்றியது. இதைத் தடுக்க ஆர்தர் காட்டன் என்னும் பொறியாளர் 1836-ஆம் ஆண்டில் அங்கே மேலணையைக் கட்டத் தொடங்கினார். அதன்பின் பயிருக்கு வேண்டிய நீர் காவிரியில் நின்றது; மிகுதியாக வரும் வெள்ளம் கொள்ளிடத்தில் சென்றது.

குடும்ப வருமானமும் இப்படித்தான். அரிசி, பால், மருந்து, பள்ளிக் கட்டணம் ஆகியவை காவிரிப் பக்கம். வேடிக்கை, விருந்து, ஆடம்பரம் ஆகியவை கொள்ளிடப் பக்கம். அணை இல்லாத வீட்டில் பணம் தாழ்வான பக்கத்துக்கே ஓடிவிடும். எங்கள் தந்தை குத்தகை நிலத்தில் வாழை பயிரிடுபவர். சென்ற ஆண்டு குலை தள்ளும் நேரத்தில் அடித்த காற்றில் பாதி மரங்கள் சாய்ந்துவிட்டன. அந்த மாதம் முதல் எங்கள் வீட்டில் ஒவ்வொரு செலவும் பெயர் சொல்லி அழைக்கப்பட்டு, "நீ அவசியமா, இல்லையா?" என்று கேட்கப்பட்டது. தம்பியின் பாலையும் அப்பாயியின் இரத்த அழுத்த மாத்திரையையும் யாரும் தொடவில்லை. 'பரிசு' என்ற பகுதிக்கு வந்தபோதுதான் விவாதம் எழுந்தது.

எங்கள் வீட்டு நோட்டு

சென்ற ஆண்டில் எங்களுக்கு வந்த அழைப்புகள் பதினான்கு. திருமணம் ஐந்து, புதுமனை புகுவிழா இரண்டு. இந்த ஏழுக்கும் மொய் எழுதினோம். குழந்தை பிறப்பு மூன்று, புதுநன்மை இரண்டு, பிறந்தநாள் இரண்டு. இந்த ஏழுக்கும் கடையில் பரிசு வாங்கினோம்.

மொய்யைக் குறைக்க முடியுமா என்று நான் கேட்டேன். "மொய் பரிசு இல்லம்மா, அது கைமாத்து" என்றார் அப்பா. உண்மைதான். நம் வீட்டு விசேஷத்தில் ஒருவர் எழுதிய தொகை நம் நோட்டில் இருக்கிறது. அவர் வீட்டு விசேஷத்தில் அதைத் திருப்பிச் செய்தாக வேண்டும். ஆகவே அது கடனோடு சேர்ந்தது. அதில் கை வைப்பது முறையன்று. மீதி ஏழு பரிசுகளே நம் விருப்பத்துக்கு உட்பட்டவை.

ஒரு பரிசுக்குச் சராசரியாக 350 ரூபாய் வீதம் ஏழுக்கும் 2,450 ரூபாய் செலவாகியிருந்தது. இவ்வாண்டு அந்த ஏழையும் வீட்டிலேயே பின்னினோம். ஒன்றுக்குப் பருத்தி நூல் 110 ரூபாய் வீதம் 770 ரூபாய். இரண்டு பின்னல் ஊசிகளும் ஒரு குரோஷா ஊசியும் சேர்த்து 150 ரூபாய். மொத்தம் 920 ரூபாய். மிச்சம் 1,530 ரூபாய்.

இதோடு இன்னொரு மிச்சமும் உண்டு. பரிசு வாங்கச் சத்திரம் பேருந்து நிலையத்தில் இறங்கிச் சின்னக்கடை வீதிக்குப் போனால் பரிசை மட்டும் வாங்கிக்கொண்டு யார் திரும்புகிறார்கள்? வளையல், வாளி, தம்பிக்குப் பந்து, எல்லோருக்கும் பழச்சாறு! அந்த ஏழு நாட்களிலும் பரிசைத் தவிர மற்றவற்றுக்கு ஆன செலவைக் கூட்டிப் பார்த்தேன். 2,100 ரூபாய் வந்தது. 2021-இல் மகளிர்க்குக் கட்டணமில்லாப் பேருந்துப் பயணம் வந்தபின், டிக்கெட்டுக்குக் காசில்லை என்ற எண்ணத்திலேயே கடைவீதிக்கு அடிக்கடி போய்விடுகிறோம் என்று அம்மா சிரித்துக்கொண்டே சொல்வார். அந்த 2,100 ரூபாயில் பாதிக்கு மேல் வாங்காமலே இருந்திருக்கலாம் என்பது அவர் கணிப்பு.

பின்னல் என்பது என்ன?

கணக்கைத் தொடருமுன் பின்னலைப் பற்றிச் சிறிது தெரிந்துகொள்வோம். ஜீயபுரத்திலிருந்து நகருக்குப் போகும் வழியில் உள்ள உறையூர், சோழர்களின் பழந்தலைநகரம். கைத்தறிக்குப் பெயர் பெற்றது. ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் ஒரு கிரேக்க மாலுமி எழுதிய கடல் வணிக நூலில் 'அர்கரு' என்னும் ஊரின் மெல்லிய துணி குறிக்கப்பட்டிருக்கிறது. அவ்வூர் உறையூரே என்பது அறிஞர் பலரின் கருத்து. தறியில் நெய்யும் துணியில் நெடுக்கே பாவும் குறுக்கே ஊடையுமாக இருவகை நூல்கள் உண்டு. பின்னலில் அப்படி இல்லை. ஒரே நூல், ஒரு வளையத்துக்குள் இன்னொரு வளையமாக நுழைந்து நுழைந்து துணியாகிறது. வளையங்கள் இளகிக் கொடுப்பதால் பின்னிய துணி இழுத்தால் நீளும், விட்டால் சுருங்கும். நாம் அணியும் பனியனும் பின்னல் துணியே. திருப்பூர் அதற்கு உலகப் புகழ் பெற்ற நகரம்.

இரண்டு நீள ஊசிகளால் பின்னுவது ஒரு முறை. கொக்கி வைத்த ஒற்றைக் குரோஷா ஊசியால் பின்னுவது மற்றொரு முறை. இங்கிலாந்தில் வில்லியம் லீ என்பவர் 1589-இல் காலுறை பின்னும் பொறியைக் கண்டுபிடித்தார். கையால் பின்னிப் பிழைக்கும் ஏழைகளின் வாழ்வு கெடும் என்று அஞ்சி எலிசபெத் அரசி அதற்கு உரிமம் தர மறுத்தார் என்று சொல்வார்கள். இன்று பொறி வென்றுவிட்டது. கடைப் பனியனின் விலையோடு நம் கைப்பின்னல் போட்டியிட முடியாது. ஆகவே அன்றாட உடுப்புக்காகப் பின்னுவது சிக்கனம் ஆகாது. பரிசுக்காகப் பின்னுவதில்தான் பயன் உண்டு.

நூலும் ஊசியும் காத்த குடும்பங்கள்

பின்னல் பொழுதுபோக்கு மட்டுமே என்று எண்ணிவிடக் கூடாது. அயர்லாந்து நாட்டில் 1845-இல் உருளைக்கிழங்குப் பயிரை நோய் தாக்கியது. தொடர்ந்து பெரும் பஞ்சம் வந்தது. இலட்சக்கணக்கானோர் மாண்டனர். அந்நாளில் கார்க் பகுதியில் ஊர்சுலைன் சகோதரியரும் பிரசென்டேஷன் சகோதரியரும் ஏழைப் பெண்களுக்குக் குரோஷா பின்னலும் லேஸ் வேலையும் கற்றுக் கொடுத்தனர். பயிர் அழிந்த வீடுகளில் அந்த லேஸ் விற்ற காசில் அடுப்பு எரிந்தது. அதே பிரசென்டேஷன் சபையினர் 1842-லேயே சென்னைக்கு வந்து பெண்கல்வித் தொண்டு தொடங்கியவர்கள் என்பது நாம் அறிய வேண்டிய செய்தி.

நம் தமிழகத்தின் தென்கோடியிலும் இவ்வரலாறு உண்டு. நாகர்கோவிலில் மார்த்தா மால்ட் அம்மையார் 1820-களில் தம் பள்ளிப் பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்பித்தார். அப்போது திருவிதாங்கூரில் அடிமை முறை இருந்தது. அடிமையாயிருந்த சில பெண்கள் லேஸ் பின்னிச் சேர்த்த பணத்தைக் கொடுத்தே விடுதலை பெற்றார்கள்! முளகுமூட்டில், 1897-இல் பெல்ஜியத்திலிருந்து வந்த அன்னை மரிய லூயிஸ் தெ மேஸ்டர் ஆதரவற்ற பெண் குழந்தைகளை ஏற்று வளர்த்தார். அவ்வூர்க் கன்னியர் மடமும் லேஸ் வேலைக்குப் பெயர் பெற்றது.

விவிலியத்திலும் ஓர் அழகிய நிகழ்ச்சி உண்டு. யோப்பா நகரில் தபித்தா என்னும் பெண் இறந்தபோது, பேதுருவைச் சூழ்ந்து நின்ற கைம்பெண்கள் அவர் தங்களுக்குச் செய்து கொடுத்த ஆடைகளைக் காட்டி அழுதார்கள் என்று திருத்தூதர் பணிகள் ஒன்பதாம் அதிகாரம் கூறுகிறது. தபித்தா எவ்வளவு செலவழித்தார் என்று அங்கே யாரும் கேட்கவில்லை. அவர் கை வேலையே அவருக்குச் சாட்சியாக நின்றது.

கணக்கில் வராத மணிகள்

இனி மீண்டும் எங்கள் நோட்டுக்கு வருவோம். 1,530 ரூபாய் மிச்சம் என்று எழுதி அடிக்கோடு இட்டபோது வீட்டில் எல்லோருக்கும் மகிழ்ச்சி. ஆனால் கணக்கு முடியவில்லை. ஒரு பரிசு பின்னச் சராசரியாக ஆறு மணி நேரம் ஆனது. ஏழு பரிசுக்கு 42 மணி நேரம். 1,530-ஐ 42-ஆல் வகுத்தால் ஒரு மணிக்கு ஏறத்தாழ 36 ரூபாய்தான்! ஊசி வாங்கத் தேவையில்லாத அடுத்த ஆண்டில்கூட 40 ரூபாய்.

அந்த மணிகள் யாருடையவை? முதல் இரண்டு பரிசுகளையும் அம்மாவே பின்னினார். காலை ஐந்து மணிக்கு எழுந்து, சமைத்து, எங்களைப் பள்ளிக்கு அனுப்பி, தோட்டத்துக்குச் சோறு கொண்டு போய், மாலையில் மீண்டும் சமைத்துப் பாத்திரம் துலக்கியபின், இரவு பத்து மணிக்குமேல் ஊசியை எடுத்தார். மூன்றாம் நாள் இரவு அப்பாயி படுக்கையிலிருந்தே பார்த்துவிட்டு, "ஏம்மா, கடைக்காரனுக்குக் குடுக்குற காச மிச்சம் புடிச்சு உன் தூக்கத்தையில்ல குடுக்குற! நாளைக்கு நீ படுத்துட்டா வைத்தியச் செலவை எந்த நோட்டுல எழுதுறது?" என்றார். அப்பா எழுந்து வந்து ஊசியை வாங்கி வைத்தார். அன்று இரவு எங்கள் வீட்டில் நடந்த பேச்சே இக்கட்டுரையை எழுதத் தூண்டியது.

இது எங்கள் வீட்டுக்கு மட்டும் உரிய செய்தி அன்று. 2019-இல் மத்திய அரசு நடத்திய நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, நம் நாட்டில் ஊதியமில்லாத வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதற்காக ஒரு நாளில் சராசரியாக 299 நிமிடம் செலவிட்டார்கள்; அவ்வேலை செய்யும் ஆண்கள் 97 நிமிடம். ஆந்திராவில் நரசாபூர் என்னும் ஊரில் ஆயிரக்கணக்கான பெண்கள் வீட்டில் இருந்தபடியே குரோஷா லேஸ் பின்னுகிறார்கள். அவர்களைப் பற்றி மரியா மீஸ் என்னும் ஜெர்மானியப் பேராசிரியை 1982-இல் ஒரு நூல் வெளியிட்டார். நாள்தோறும் பல மணி நேரம் உழைத்தும், "இல்லத்தரசிகள் ஓய்வு நேரத்தில் செய்யும் வேலைதானே" என்று கருதப்பட்டதால் அவர்களுக்குக் கிடைத்த கூலி மிகமிகக் குறைவு என்று அதில் அவர் காட்டினார். எந்தக் கைத்தொழில் அயர்லாந்தில் குடும்பங்களைக் காத்ததோ, நாகர்கோவிலில் அடிமை விலங்கை அறுத்ததோ, அதே கைத்தொழில், மணிக்கணக்கு எழுதப்படாத இடத்தில் பெண்ணுக்குப் புதிய சுமையாகவும் ஆகிவிடுகிறது.

ஆகவே, அம்மாவின் ஓய்வை எடுத்துக் கொடுக்கும் பரிசு மலிவான பரிசு அன்று. அது செலவைக் குறைப்பதில்லை. செலவை நோட்டிலிருந்து அம்மாவின் உடம்புக்கு மாற்றுகிறது.

நாங்கள் செய்த ஏற்பாடு

மீதி ஐந்து பரிசுகளை இவ்வாறு பகிர்ந்துகொண்டோம். பள்ளி விடுமுறை நாட்களில் நான் மூன்று பின்னினேன். அப்பாயிக்குக் கண் மங்கல். ஆனால் இளமையில் வயர் கூடை பின்னிய கை! நேர்ப் பின்னலை விரலால் தடவியே போட்டுவிடுவார். அவர் ஒன்று பின்னினார். ஏழாம் வகுப்புப் படிக்கும் தம்பி நூல் உருண்டை சுற்றத் தொடங்கி, பிறகு தானே ஒன்றைப் பின்னி முடித்தான். "ஆம்பளப் புள்ளைக்கு எதுக்கு இது?" என்று வீட்டுக்கு வந்த மாமா கேட்டார். பழைய ஐரோப்பாவில் பின்னல் தொழிலாளர் சங்கங்களில் ஆண்களே உறுப்பினராய் இருந்தார்கள் என்று நான் சொன்னதும் தம்பிக்கு ஒரே பெருமை. அப்பா மாலையில் காய் நறுக்கிக் கொடுக்கும் பொறுப்பை ஏற்றார். அம்மாவின் வேலை, பின்னியதைச் சரி பார்ப்பது மட்டும். இப்போது அவர் பத்து மணிக்கு உறங்குகிறார். இந்த மிச்சத்தையும் நோட்டில் எழுத ஒரு கட்டம் இருந்தால் நன்றாயிருக்கும்.

செய்முறைப் பாடம்: சமையலறைப் பிடிதுணி

தொடக்க நிலையில் உள்ள தோழியருக்கு மிக எளிய பரிசு, சூடான பாத்திரம் இறக்கும் பிடிதுணி.

தேவையானவை: நடுத்தரப் பருமனுள்ள பருத்தி நூல், நான்கு மில்லிமீட்டர் ஊசி இரண்டு. உல்லன் போலத் தோன்றும் அக்ரிலிக் நூலை இதற்கு வாங்கவே கூடாது. அது சூட்டில் உருகிக் கையில் ஒட்டும்.

செய்முறை: ஓர் ஊசியில் நாற்பது கண்ணி ஏற்றுக. எல்லா வரிசையையும் நேர்ப் பின்னலாகவே போடுக. இப்பின்னலில் இரண்டு வரிசையின் உயரம் ஏறத்தாழ ஒரு கண்ணியின் அகலத்துக்குச் சமம். ஆகவே எண்பது வரிசை போட்டால் சதுரம் கிடைக்கும். பக்கம் ஏறத்தாழ இருபது சென்டிமீட்டர். கண்ணிகளை ஒன்றன்மேல் ஒன்றாகத் தாண்டவிட்டு முடித்து, நூல் முனையைப் பின்னலுக்குள் ஊசியால் செருகி மறைக்க வேண்டும். இதுபோல் இரண்டு சதுரம் பின்னி, ஒன்றன்மேல் ஒன்று வைத்து ஓரம் தைத்தால் சூடு தாங்கும் பிடிதுணி தயார்.

நேரக் கணக்கு: ஒரு சதுரத்தில் 40 × 80 = 3,200 கண்ணிகள். நிமிடத்துக்குப் பதினாறு கண்ணி போட்டால் 200 நிமிடம்; அதாவது மூன்று மணி இருபது நிமிடம். இரண்டு சதுரத்துக்கு ஆறு மணி நாற்பது நிமிடம். நாளொன்றுக்கு நாற்பது நிமிடம் வீதம் பின்னினால் பத்து நாளில் முடிந்துவிடும். படிப்புக்குக் கேடு வராது.

கவனிக்க வேண்டியவை

1. நம் திருச்சியில் ஏப்ரல், மே மாதங்களில் வெயில் 40 டிகிரி செல்சியஸைத் தொடும். பிறந்த குழந்தைக்கு உல்லன் தொப்பி பின்னிக் கொடுத்தால் வேர்க்குருதான் மிஞ்சும். வியர்வையை உறிஞ்சும் பருத்தி நூலே ஏற்றது.

2. குழந்தைக்கான பின்னலில் பெரிய ஓட்டைகளும் உட்புறம் தொங்கும் நூலும் இருக்கக் கூடாது. பிஞ்சு விரல் சிக்கிக்கொள்ளும். பொத்தான், மணி வைத்துத் தைக்கவும் கூடாது.

3. விசேஷ நாளுக்கு ஒரு மாதம் முன்பே தொடங்க வேண்டும். கடைசி நாளில் தொடங்கினால் கண் விழிக்க வேண்டிவரும். இல்லையேல் கடைக்கு ஓட வேண்டிவரும்.

4. பெறுபவருக்குப் பயன்படுமா என்று முதலில் எண்ண வேண்டும். புதுநன்மை வாங்கும் சிறுமிக்கு வெள்ளை நூலில் ஜெபமாலைப் பை பின்னினோம். அவள் அதை ஞாயிறுதோறும் கோவிலுக்குக் கொண்டுவருகிறாள்.

5. பின்னத் தெரியாவிட்டால் வருந்த வேண்டாம். வயர் கூடை, ஓரம் தைத்த கைக்குட்டை, வீட்டில் இட்ட ஊறுகாய் எல்லாம் கைப்பரிசுகளே.

6. யார் எத்தனை மணி நேரம் உழைத்தார் என்பதையும் பண வரவு செலவின் பக்கத்திலேயே எழுதி வைக்க வேண்டும். ஒரே பெயர் அடிக்கடி வந்தால் வேலையைப் பகிர வேண்டும்.

முடிவுரை

ஒரே ஆண்டின் 1,530 ரூபாய் எங்கள் குடும்பக் கடனை அடைத்துவிடவில்லை. சாய்ந்த வாழையை நிமிர்த்தவும் இல்லை. ஆயினும் அப்பாயியின் இரண்டு மாத மருந்துச் செலவை அது தாங்கியது. கடைவீதியில் கரைந்திருக்கும் பணம் வீட்டிலேயே நின்றது. எல்லாவற்றுக்கும் மேலாக, மாலை நேரங்களில் ஒரே விளக்கின் கீழ் ஐவரும் உட்கார்ந்து வேலையைப் பகிர்ந்துகொள்ளும் பழக்கம் வந்தது.

தோழியரே, இந்த விடுமுறையில் உங்கள் வீட்டு நோட்டையும் திறந்து பாருங்கள். 'பரிசு' என்னும் பகுதியைக் கூட்டுங்கள். பிறகு ஊசியை எடுங்கள். அதை அம்மாவின் கையில் கொடுத்துவிட்டு நாம் புத்தகம் படிக்கப் போய்விடாமல், நம் கையிலேயே வைத்துக்கொள்வோம். பெற்றோர்களே, உங்கள் ஆண்மக்களுக்கும் ஒரு நூல் உருண்டை கொடுங்கள்.